சங்கராபரணிக் கரையில் கல்வி: பருவந்தோறும் பயிலும் சமண மரபு

செஞ்சி மலைப்பகுதியில் தோன்றி, வீடூரைத் தொட்டு, வில்லியனூர் வழியாக ஓடிப் புதுவைக்குத் தெற்கே கடலோடு கலப்பது சங்கராபரணியாறு. செஞ்சியாறு என்றும் வராக நதி என்றும் வழங்குவது இதுவே. தமிழ்ச் சமணர் வரலாற்றில் கல்விக்குரிய பல இடங்கள் இவ்வாற்றின் கரையிலும் அதன் அண்மையிலும் அமைந்துள்ளன. தலைப்பகுதியில் திருநாதர்குன்று, இடையில் வீடூர், முகத்துவாரத்தில் புதுவை நகர், அதற்குச் சற்றுத் தெற்கே கெடிலக்கரையில் திருப்பாதிரிப்புலியூர் என இவற்றை வரிசைப்படுத்தலாம். புதுவையில் இன்று வாழும் தமிழ்ச் சமணக் குடும்பங்களிற் பல, செஞ்சி, திண்டிவனம், வந்தவாசி வட்டாரத்துச் சிற்றூர்களிலிருந்து குடிபெயர்ந்து வந்தவை. ஆற்றோடு வந்தவர்கள் என்று சொன்னாலும் தவறாகாது.

மனநலம் என்பது புதிதாக வழக்கிற்கு வந்த சொல், பொருள் பழமையானது. பிள்ளைக்குக் கல்வி, இளைஞனுக்குத் தொழில், முதியோருக்கு ஓய்வு, மனம் கலங்கியவருக்கு மருத்துவர் என்று வாழ்வைக் கூறுபோட்டுப் பார்ப்பது இக்காலத்தார் இயல்பு. கல்வியும் மன அமைதியும் வெவ்வேறு அறைகளில் இருப்பன என்று சமண நூல்கள் கருதவில்லை. அந்நூல்கள் வகுத்த முறையும், அம்முறை இவ்வட்டாரத்தில் எவ்வாறு வாழ்ந்தது என்பதும் ஆராயத்தக்கவை.

முதலிற் பாதிரிப்புலியூர். பாடலிகா என்று வடமொழியாளர் குறித்த அவ்வூரில் சர்வநந்தி முனிவர் பிராகிருதத்தில் இயற்றிய உலகவியல் நூலே லோகவிபாகம். சக ஆண்டு 380இல், காஞ்சியைச் சிம்மவர்மன் ஆண்ட 22ஆம் ஆட்சியாண்டில் அது நிறைவுற்றது என்னும் குறிப்பு, பின்னர் சிம்மசூரி செய்த வடமொழி வடிவத்தில் நின்று நிலவுகிறது. கி.பி. 458 என்று கணிக்கப்படும் இக்குறிப்பு, பல்லவர் காலவரிசைக்கே ஓர் ஆணிவேர். சுழி உட்பட எண்களை இடமதிப்பு முறையில் கையாண்டமைக்குக் காலம் தெளிவாகத் தெரிந்த மிகப் பழைய சான்றுகளுள் ஒன்றாகக் கணித வரலாற்றாசிரியர் இந்நூலைப் போற்றுவர். தருமசேனர் என்னும் பெயரோடு அப்பர் பயின்றதும் இங்கிருந்த பள்ளியிலேயே என்று பெரியபுராணம் கூறும். அவர் பின்னர் வேறு நெறி சென்றார். கற்ற இடம் சமணப் பள்ளி என்பதை எதிர்நெறியாரின் நூலே மறைக்கவில்லை. பாதிரிப்புலியூருக்கும் புதுவைக்கும் இடையிலுள்ள பாகூரில் 9ஆம் நூற்றாண்டில், நிருபதுங்கவர்மன் காலத்தில், வேதக் கல்விக்குரிய வித்தியாத்தானம் ஒன்றிற்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டன. பாகூர்ச் செப்பேடு அதற்குச் சான்று. சமயம் எதுவாயினும், கற்பவருக்குச் சோறும் இடமும் தருவது ஊராரின் கடன் என்னும் எண்ணம் இந்நிலத்தில் வேரூன்றியிருந்தது.

கற்பவர் என்ற சொல் சிறுவரை மட்டும் குறித்ததன்று. ஜினசேனரின் ஆதிபுராணம் மனித வாழ்விற்கு 53 கிரியைகளை வகுக்கிறது. ஐந்தாம் ஆண்டில் எழுத்தும் எண்ணும் தொடங்கும் லிபிசங்கியானம். எட்டாம் ஆண்டில் உபநீதி. பின்னர் விரதசரியை என்னும் மாணவ நோன்பு. அது முடிந்து மணம். இவ்வளவும் யாவரும் எதிர்பார்க்கக் கூடியவையே. வியப்புக்குரியது அதற்குப் பின் வருவது. இல்லறப் பொறுப்பு முழுவதையும் நிறைவேற்றிய ஒருவன், தகுதியுள்ள மகனிடம் குடும்பச் சுமையை ஒப்படைத்துவிட்டு, வீட்டிலேயே இருந்து நாள்தோறும் நூல் ஓதியும் நோன்பிருந்தும் வாழும் பருவம் ஒன்று கூறப்படுகிறது. அதன் பெயர் பிரசாந்தி. துறவுக்கு முந்திய படி அது. வீட்டை விட்டு நீங்குதல் அதற்கடுத்த கிரியையாகவே வருகிறது. பணி ஓய்வு பெற்றவர் செய்வதற்கு ஒன்றுமின்றி நாற்காலியில் அமர்ந்திருக்கும் காலத்தை ஜினசேனர் கண்டதில்லை. ஆயினும் அப்பருவத்திற்கு அமைதி என்று பெயரிட்டு, அதன் உள்ளடக்கமாகக் கல்வியை வைத்தார். வெற்றோய்வு அமைதி ஆகாது என்பதை அவர் அறிந்திருந்தார் எனலாம்.

பெண்களுக்கும் இதிற் பங்குண்டு. பகவான் ஆதிநாதர் எழுத்தைப் பிராமிக்கும் எண்ணைச் சுந்தரிக்கும் கற்பித்த பிறகே ஆண்மக்களுக்குக் கலைகளைக் கற்பித்தார் என்னும் வரலாற்றைத் தமிழ்ச் சமண இல்லங்களில் அறியாதார் இலர். வந்தவாசியை அடுத்த வேடல் கல்வெட்டு, 9ஆம் நூற்றாண்டில் கனகவீரக் குரத்தியார் என்னும் ஆசிரியையையும் அவருடைய மாணாக்கியரையும் குறிப்பிடுகிறது. அங்கே துறவியரிடையே ஒரு பூசல் நேர்ந்தது. ஊரார் முன்வந்து அவ்வாசிரியையையும் அவர்பால் பயின்றோரையும் காத்து உணவளிப்பதாக ஏற்றுக்கொண்டனர். பள்ளிகளில் பிணக்கு இல்லாத காலம் எதுவும் இருந்ததில்லை. பிணக்கின்போது ஊரார் எப்பக்கம் நின்றனர் என்பதே கருதத்தக்கது.

திண்ணைப் பள்ளிக் காலத்திற்கு வந்தால், தமிழ்நாட்டுச் சிறுவர் எச்சமயத்தாராயினும் சமணர் இயற்றிய நூல்களைக் கொண்டே கல்வியின் படிகளை ஏறினர் என்பது தெளிவு. சொல் கற்க மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டு, இலக்கணம் கற்கப் பவணந்தியாரின் நன்னூல், யாப்புக்கு அமிதசாகரரின் காரிகை, ஒழுக்கத்திற்கு நாலடியார். இவற்றுள் நன்னூலின் பாயிரத்தில் பவணந்தி முனிவர் ஒரு கணக்குப் போடுகிறார். ஆசிரியர் உரைத்ததை நன்கு வாங்கிக்கொண்டாலும் மாணாக்கனுக்குக் கிடைப்பது காற்பங்கே. உடன் பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறருக்கு விரித்துரைக்கும்போதுதான் வந்து சேரும். தேர்வுக்கு மனப்பாடம் செய்த தலைமுறையினர் இச்சூத்திரத்தைக் கடந்து சென்றுவிடுவது வழக்கம். முதுமைக்கு அது சொல்லும் செய்தி கடுமையானது. கேட்பவர் ஒருவருமில்லாத முதியவர், தம் வாழ்நாட் கல்வியில் பாதியை இழந்தவராகிறார்.

கேட்பவர் இருந்தால் என்ன நிகழும் என்பதற்குக் குடந்தையில் நடந்தது சான்று. 1880ஆம் ஆண்டில் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்த உ.வே. சாமிநாதையருக்கு அப்போது வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அந்தாதியும் பிள்ளைத்தமிழும் புராணமும் கணக்கின்றிப் பாடம் கேட்டவர். அவ்வாண்டு அக்டோபர் மாதம் சேலம் இராமசாமி முதலியார், சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்று வினவியபோது, தாம் கற்றது கைம்மண்ணளவே என்னும் உண்மை அவருக்குப் புலப்பட்டது. கல்லூரியில் ஆசிரியர், சிந்தாமணிக்கு முன் மாணவர் என்ற நிலை. சமணப் பொருள் விளங்காமல் இடர்ப்பட்டவர், அவ்வூர்ச் சமணரை நாடிச் சென்றார். சந்திரநாத செட்டியார் இல்லத்தில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தது. காரணம் வினவியபோது, பல மாதங்களாக நடந்துவந்த சிந்தாமணிப் படனம் அன்று நிறைவெய்தியது என்று அறிந்தார். அவர் சுவடியோடு போராடிக்கொண்டிருந்த அதே நூலை, வணிகமும் இல்லறமும் நடத்தும் மக்கள் கூடியிருந்து கேட்டு முடித்து விழாக் கொண்டாடினர். அவ்வவையில் பொருள் உரைத்தவராக அவர் குறிப்பிடுபவர் வீடூர் அப்பாசாமி நயினார். சங்கராபரணிக் கரை ஊரினர். இந்நிகழ்ச்சியைத் தம் ‘என் சரித்திர’த்தில் ஐயர் நன்றியோடு எழுதினார். 1887இல் சிந்தாமணி அச்சில் வெளிவந்தது.

இந்நிகழ்ச்சியைப் பதிப்பு வரலாற்றின் ஒரு பகுதியாகவே அறிஞர் எடுத்துரைப்பர். சமண இல்லறத்தார் பக்கம் நின்று நோக்கினால் வேறொன்று தோன்றும். அவர்களுக்கு அது ஆராய்ச்சி அன்று. பல மாத மாலைப்பொழுதுகள். முதியவர் பொருள் உரைக்க, நடுவயதினர் வினவ, சிறுவர் அரைத்தூக்கத்தில் ஓசையைச் செவியில் ஏற்றுக்கொண்ட மாலைப்பொழுதுகளாகத்தான் அவை இருந்திருக்க முடியும்.

அந்நூலின் அமைப்பும் இதற்கு இசைந்தது. திருத்தக்கதேவர் சிந்தாமணியைப் பதின்மூன்று இலம்பகங்களாக வகுத்தார். மணநூல் என்னும் பெயர் அதற்கு உண்டு. முதல் இலம்பகம் நாமகள் இலம்பகம். சீவகன் கல்வியை மணக்கிறான். ஈற்றில் முத்தி இலம்பகம். இடையில் இன்பமும் போரும் அரசும். நாமகள் இலம்பகத்தில் வரும் அச்சணந்தி ஆசிரியரின் கதை ஊன்றி நோக்கத்தக்கது. அரசு துறந்து தவம் மேற்கொண்ட அவரை யானைத்தீ என்னும் தீராப் பசிநோய் பற்றியது. எவ்வளவு உண்டும் அடங்காத நோய். கந்துக்கடன் மனையில் சிறுவனாகிய சீவகன் தன் கையால் ஒரு கவளம் அளித்தபோது நோய் தணிந்தது. அதன் பின்னரே அவர் அவனுக்குக் கலைகளைக் கற்பித்தார். இவ்வரலாற்றை அவர் தம் கதையென்று கூறாமல் வேறொருவர் கதைபோல மாணவனுக்குக் கூறுகிறார். தம் துன்பத்தைச் சற்றே தள்ளி நிறுத்திச் சொல்லும் இம்முறையைத் தேவர் ஏன் அமைத்தார் என்பது எண்ணுதற்குரியது. மாணவன் ஆசிரியரின் பிணி நீக்கினான். ஆசிரியர் மாணவனின் அறியாமை நீக்கினார். இளமையும் முதுமையும் ஒன்றற்கொன்று மருந்தாகும் இடம் அது.

அதே சிந்தாமணி பிரெஞ்சு நாட்டிற்குச் சென்ற வழியும் இப்பகுதியோடு தொடர்புடையது. ஜூலியன் வின்சோன் (1843–1926) காரைக்காலில் நீதிபதியாக இருந்தவரின் மகன். இளமையிலேயே தமிழ் பயின்றார். பின்னர் காடுகளைக் கண்காணிக்கும் அலுவலராகப் பிரான்சில் பணியாற்றினார். மரங்களுக்கிடையே கழிந்த நடுவயதிலும் இளமையிற் கற்ற மொழியைக் கைவிடவில்லை. பாரிசில் கீழ்த்திசை மொழிப் பள்ளியில் தமிழும் இந்துஸ்தானியும் கற்பிக்கும் பேராசிரியரானார். சாமிநாதையரோடு கடிதத் தொடர்பு கொண்டார். 1900ஆம் ஆண்டில், தமிழிலுள்ள பௌத்த சமணக் கதைகளைப் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டபோது அவர் ஐம்பத்தேழு வயதை எட்டியிருந்தார்.

மனத்துயர் பற்றிச் சமண நூல்கள் கூறுவது பொதுவான ஆறுதலுரை அன்று. மிகக் கூர்மையான பகுப்பு. தியானம் நான்கு, அவற்றுள் முதலாவது ஆர்த்தத்தியானம், அதாவது துயரத்தில் தோய்ந்த சிந்தனை. அது மீண்டும் நான்காகும். விரும்பியவரையோ பொருளையோ பிரிந்து ஏங்குவது இஷ்டவியோகம். விரும்பாதது வந்து சேர்ந்ததே என்று மறுகுவது அனிஷ்டசம்யோகம். உடல்நோவையே ஓயாது எண்ணுவது பீடாசிந்தனை. வரப்போவதை எண்ணி வேட்கையில் வேவது நிதானம். தமிழ்ப் பேச்சுவழக்கில் நிதானம் என்றால் பொறுமை. ஆகமத்தில் அதற்கு நேர்மாறான பொருள். துணையை இழந்த முதியவர், பிடிக்காத வேலையில் சிக்கிய நடுவயதினர், நோயுற்றோர், தேர்வு முடிவை எண்ணி உறங்காத மாணவர் ஆகியோர் இந்நான்கில் ஒவ்வோர் இடத்தில் அமர்ந்திருப்பதைக் காணலாம்.

இதற்கு மாற்றாக வைக்கப்பட்டவற்றுள் ஒன்று சுவாத்தியாயம். அகத்தவம் ஆறனுள் அது வைத்து எண்ணப்படுகிறது. தத்துவார்த்த சூத்திரம் அதனை ஐந்தாகப் பிரிக்கும்: ஓதுதல், வினவுதல், ஆழ்ந்து எண்ணுதல், பிழையின்றி மீண்டும் மீண்டும் சொல்லுதல், பிறருக்கு அறம் உரைத்தல். ஐந்தில் இரண்டேனும் தனியொருவனாற் செய்ய இயலாதவை. வினவுவதற்கு ஒருவர் வேண்டும். உரைப்பதற்கு ஒருவர் வேண்டும். மனம் தன்னையே சுற்றிச் சுழல்வது ஆர்த்தத்தியானம் எனின், அச்சுழலிலிருந்து ஒரு நூலையும் ஒரு மனிதரையும் நோக்கி அதனைத் திருப்புவது சுவாத்தியாயம். பவணந்தியார் போட்ட கணக்கும் இதனோடு பொருந்துவதைக் காணலாம்.

நீலகேசியின் கதைத்தலைவி இதற்குக் காப்பிய வடிவம். பழையனூர்ப் பேயாகச் சினத்தில் வெந்தவள், சுடுகாட்டில் தவமிருந்த முனிச்சந்திரரை அச்சுறுத்த வருகிறாள். அவர் அஞ்சவுமில்லை, அவளை விரட்டவுமில்லை, அறம் கற்பித்தார். சினத்தால் அலைந்தவள் வாதத்தால் நாடெங்கும் சென்றாள். சக்கரவர்த்தி நயினார் 1936இல் சமயதிவாகர உரையோடு இந்நூலைப் பதிப்பித்தார். தருக்க நூலாகவே இதனைப் படிப்போர் பலர். முதற்சருக்கத்தை மனமாற்றக் கதையாகப் படிப்பதே பயனுடைத்து.

புதுவை நகரமும் முதிர்ந்த வயதிற் கற்பாரைக் கண்டு பழகியதே. 1908 முதல் 1918 வரை பாரதியார் இங்கே வாழ்ந்தார். 1910 ஏப்ரலில் அரவிந்தர் வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது 37. நாடு திரும்ப இயலாத அச்சமும் ஒற்றர் தொல்லையும் சூழ்ந்த நாட்களில், அரவிந்தர் பாரதியாரின் துணையால் தமிழ் கற்றார். பாரதியார் அவரோடு வேதம் பயின்றார். ஒருவருக்கொருவர் ஆசிரியரும் மாணவருமாக இருந்த அவ்வுறவு, அஞ்ஞாத வாசத்தின் சுமையைப் பாதியாகவேனும் குறைத்திருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். எல்லா மனக்கலக்கத்தையும் நூல் ஓதித் தீர்த்துவிடலாம் என்று சமணம் சொல்லவில்லை. ஆகார தானம், அபய தானம், ஔஷத தானம், சாஸ்திர தானம் எனத் தானத்தை நான்காக வகுத்தபோது, மருந்தும் நூலும் தனித்தனியே வைக்கப்பட்டன. ஒன்று மற்றொன்றிற்கு ஈடாகுமாயின் நான்கு மூன்றாகியிருக்கும். 1823இல் பிரெஞ்சு அரசு இந்நகரில் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழித்தோன்றலே 1964 முதல் ஜிப்மர் என்று வழங்குகிறது. அங்கே மனநல மருத்துவமும் உண்டு. உறக்கமும் உணவும் இழந்து வாடுவோரை அங்கு அழைத்துச் செல்ல நாணுவது, ஔஷத தானத்தை மறுப்பதற்கு ஒப்பாகும்.

ஆற்றின் தலைப்பகுதிக்குச் செல்வோம். செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் இருபத்துநால்வர் தீர்த்தங்கரரும் ஒரே பாறையில் இரு வரிசைகளாகச் செதுக்கப்பட்டுள்ளனர். அங்குள்ள பழங்கல்வெட்டு, 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த சந்திரநந்தி என்பவரின் நிசீதிகை இது என்று அறிவிக்கிறது. தமிழெழுத்து வட்டெழுத்தாக மாறும் நிலையைக் காட்டுவதால் எழுத்தியலார் அதனைப் பொன்னெனப் போற்றுவர், கி.பி. 5–6ஆம் நூற்றாண்டினது என்பர். சந்திரநந்தியின் பெயரோடு பொறிக்கப்பட்ட சொல் ஆசிரியர் என்பது. வாழ்நாள் முழுவதும் எத்தனை மாணாக்கரைக் கண்டவரோ, கல்லில் அவருக்கு எஞ்சிய அடையாளம் அச்சொல்லே.

சல்லேகனை பற்றி அயலார் மட்டுமன்றி இளந்தலைமுறையினரும் தவறாக எண்ணுவதுண்டு. 2015இல் இராசத்தான் உயர்நீதிமன்றம் அதனைத் தற்கொலைக்கு ஒப்பாகக் கருதியதும், அதே ஆகஸ்டு மாத இறுதியில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்ததும் பலர் அறிந்தவை. நூல்கள் என்ன சொல்கின்றன என்பதை நேரே நோக்க வேண்டும். நீங்காத இடையூறு, பஞ்சம், முதுமை, தீராப் பிணி என்னும் நிலைகளில் மட்டுமே இரத்தினகரண்டகம் அதனைக் கூறும். தமிழில் அருங்கலச்செப்பு அந்நூலைத் தழுவியது. அந்நோன்பில் விலக்க வேண்டிய குற்றங்கள் ஐந்து. வாழ ஆசைப்படுவது ஒரு குற்றம். சாக ஆசைப்படுவதும் அதற்கு நிகரான குற்றம். மனம் நொந்து இறப்பை விரும்புவோருக்கு அந்நோன்பில் இடமில்லை. துயரத்தாற் சாவை நாடுவது ஆர்த்தத்தியானம். அதனைக் கடந்தவருக்கே இறுதிப் பாடம் உரியது. ஆகவே அதுவும் ஒரு கல்விப் பருவம். அறம் உரைப்போர் அருகிருந்து ஓத, கேட்டபடியே கண்மூடுதல் மரபு.

இன்றைய புதுவையில் நிலை வேறு. பெயரனைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிடுவதற்காக ஊரிலிருந்து வந்த பாட்டனாரும் பாட்டியாரும் பலர். ஊரில் மாலையில் ஜினாலயத் திண்ணை இருந்தது. எதிர்வீட்டில் வினவுவார் இருந்தனர். இங்கே அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில் தொலைக்காட்சி இருக்கிறது. பெயரனுக்குப் பாடம் மிகுதி, நேரம் குறைவு. தமிழிற் பேசினாலும் தமிழ் நூலைக் கையில் எடுப்பதில்லை. இருவரும் ஒரே வீட்டில் தனித்தனியே கற்காமல் இருக்கின்றனர் என்று சொல்வது கடுமையாகப் படலாம். ஆயினும் பல இல்லங்களில் நிலைமை அதுவே. விழா நாளில் ஒரு மணி நேரச் சொற்பொழிவு இக்குறையை நிரப்பாது. குடந்தைச் சமணர் சிந்தாமணியை ஒரு நாளில் முடிக்கவில்லை.

ஸ்ரீபுராணம் மணிப்பிரவாள நடையில் அமைந்தது. சுவடியில் தமிழெழுத்தும் கிரந்த எழுத்தும் விரவி வரும். கிரந்தம் அறிந்தோர் இன்று பெரும்பாலும் எழுபது வயதைக் கடந்தவர்கள். அவர்களிற் பலருக்குக் கண்பார்வை மங்கிவிட்டது. தமிழெழுத்தைத் தடையின்றிப் படிக்கும் கண்களோ பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடம் உள்ளன. ஓர் ஏட்டை இருவருக்கும் நடுவே வைத்தால், பிள்ளை படிக்கும் வரியில் தடைப்படும் எழுத்தைப் பாட்டனார் நினைவிலிருந்து நிரப்புவார். பொருள் என்ன என்று பிள்ளை வினவும்; அவர் உரைப்பார். லிபிசங்கியானமும் பிரசாந்தியும் ஒரே பாயில் அமர்ந்திருக்கும்.